புல்லுக்குக் கூண்டு

ஆடு ஒரு கொடியைக் கடித்து இழுக்கிறது. அது நகர்ந்ததும் வில்பிரட் அதே இடத்தில் குனிகிறார். ஆடு கடித்த இலைக்குப் பக்கத்து இலையை, ஆடு கடித்த அளவுக்கே, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளுகிறார். கிள்ளும்போது மணிக்கட்டை லேசாக மேலே வெட்டி இழுக்கிறார், ஆடு தலையை வெட்டி இழுப்பதைப் போலவே. இலை தோளில் தொங்கும் துணிப்பைக்குள் போகிறது. இடது கை மட்டும் கால்சட்டைப் பைக்குள்ளேயே கிடக்கிறது. அங்கே எண்ணிக்கை காட்டும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. ஆடு வாய் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் பொத்தானை அமுக்குகிறார். 'டிக்' என்று துணிக்குள் அமுங்கிய சத்தம் வருகிறது.

செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதியவர்கள்தான் நின்று பார்ப்பார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டையும் ஷூவுமாக, அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் ஆட்டின் பின்னால் குனிந்து குனிந்து போவதைப் பார்த்து, மூலிகை பறிக்கிறார் என்று நினைத்து, சர்க்கரைக்கு எந்த இலை நல்லது என்று கேட்டவர்கள் உண்டு. "அது ஆட்டுக்குத்தான் தெரியும் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நின்று பேசினால் ஆடு தப்பிப் போய்விடும்.

சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு கால்நடைப் பண்ணையில் அவர் பணியிலிருந்தார். மேய்கிற ஆடு ஒரு நாளில் எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கேட்பதற்குச் சுலபம். தொட்டியில் போட்ட தீனி என்றால், போட்டதிலிருந்து மிச்சத்தைக் கழித்துவிடலாம். மேய்ச்சலில் தொட்டி ஏது? மாடாவது ஒரே இடத்தில் நின்று புல்லை வழிக்கும். ஆடு இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று போய்க்கொண்டே இருக்கும். முன்கால்களை மரத்தில் ஊன்றிக்கொண்டு கொழுந்தைப் பறிக்கும், உதிர்ந்த நெற்றைப் பொறுக்கும், சுவரொட்டியின் பசையை நக்கும். ஆகையால் சுற்றிவளைத்துத்தான் அளக்கவேண்டும். பின்னாலேயே போய் வாயை எண்ணி, அதே அளவு இலையைக் கிள்ளி, உலர்த்தி எடைபோடுவது ஒரு வழி. புல்தரையில் அங்கங்கே கம்பிக் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஆடு தொடாமல் கூண்டுக்குள் வளர்ந்த புல்லையும் வெளியே மிஞ்சிய புல்லையும் அறுத்து, எடையின் வித்தியாசத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. கிடாய்களின் பின்புறம் பை கட்டிப் புழுக்கையைச் சேகரித்து, வெளியே வந்ததை வைத்து உள்ளே போனதைக் கணக்கிடுவதும் உண்டு. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துவந்தால்தான் வில்பிரட் வாயைத் திறப்பார். ஒத்துவராவிட்டால், "இன்னும் பாக்கணும்" என்பதோடு சரி.

இந்த வேலை அவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருந்தது. யார் சாப்பிட்டாலும் அவர் பார்வை அவர்கள் வாய்க்குப் போய்விடும். கல்யாண விருந்தில் எதிரே உட்கார்ந்தவர் பாதிச் சாப்பாட்டில் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். தாடை அசைவதை வில்பிரட் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. ஏதோ தன்மேல் குறை கண்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்.

அவர் மனைவி ஜோசலினுக்குத் தெரியும். தாம்பரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு வயிற்றில் நோய் கண்டது. கடைசிக் காலத்தில் சாப்பாடு இறங்கவில்லை. வில்பிரட் கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்து கரண்டி கரண்டியாக ஊட்டுவார். ஒருநாள் ஜோசலின் கையை நீட்டிக் கரண்டியைத் தடுத்தார்.

"என் வாயையே பாக்காதீங்க. நான் உங்க ஆடு இல்ல."

அதில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. வில்பிரட் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு எப்போதும் அப்படித்தான். எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று டாக்டர் கேட்டபோது, வாழ்நாளில் முதல் தடவையாக, தெரியாது என்றார்.

ஜோசலின் போன அடுத்த மழைக்காலத்தில் குடியிருப்போர் சங்கத்தார் ஏரிக்கரையில் மரக்கன்றுகள் நட்டார்கள். இறந்துபோனவர்களின் நினைவாக ஆளுக்கு ஒரு கன்று. ஒவ்வொன்றின் அருகிலும் பெயர் எழுதிய சிறு தகரப் பலகை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு செடி வைக்கக்கூட இடமில்லாததால் வில்பிரட்டும் ஒரு பூவரசங்கன்று வாங்கி வந்து நட்டார். சங்கச் செயலாளர் ஜெயஸ்ரீ, வங்கியில் வேலை பார்ப்பவர், பைபாஸ் சாலையில் விபத்தில் போன தன் தம்பி முகிலனுக்காக ஒரு மகிழங்கன்று நட்டார். குழியில் மண் தள்ளும்போது அவர் அழுததைப் பார்த்து எல்லோரும் சற்று விலகி நின்றார்கள்.

முதலில் சங்கத்துச் செலவில் தண்ணீர் வண்டி வந்தது. பிறகு நின்றுவிட்டது. வண்டி வருகிறது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தை முடிவதற்குள் பல கன்றுகளின் தலை காணாமல் போயிருந்தது. அந்தக் கரையில் தினமும் மேய்வது முனியம்மாவின் ஆடுகள். அவை கன்றுகளைக் கடித்ததைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். செத்துப்போனவர்களின் பெயரில் வைத்த செடியைத் தின்றுவிட்டனவே என்று ஒரு பெரியவர் உடைந்துபோய்ப் பேசினார். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கவே கூடாது என்று மாநகராட்சிக்கு மனு எழுதினார்கள்.

மனுவை எடுத்துக்கொண்டு ஜெயஸ்ரீ வில்பிரட் வீட்டுக்கு வந்தார். கையெழுத்துக் கேட்டதோடு நிற்கவில்லை. ஆடு எவ்வளவு சேதம் செய்கிறது என்று அவர் முறைப்படி அளந்து எழுதிக் கொடுத்தால் மனு நிற்கும் என்றார்.

வில்பிரட் மனுவை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அளந்து தரேன்மா. ஆனா என்ன வருதோ அதத்தான் சொல்வேன். கையெழுத்து அப்புறம் பாக்கலாம்."

முனியம்மா ஏரியை ஒட்டிய பழைய ஊர்க்காரி. ஆடுகளை விற்றுத்தான் அவளுடைய குடும்பம் நடக்கிறது. மனு போகிற செய்தி அவள் காதுக்கும் வந்திருந்தது. கீழ்க்கட்டளைப் பட்டறையில் செய்த கம்பிக் கூண்டுகளோடு வில்பிரட் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, தன் ஆடுகளைப் பிடித்து அடைக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டி, கோலை ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றாள். அவரோ ஆடுகள் பக்கமே போகாமல் கூண்டுகளைப் புல்தரையில் கவிழ்க்க ஆரம்பித்ததும் அவளுக்குக் குழப்பமாகிவிட்டது.

"இன்னா சார் இது? ஆட்ட வெளிய வுட்டுட்டு புல்லுக்கு கூண்டு கட்டிகினு கீற?"

வில்பிரட் விளக்கினார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, ஆடு வயிறு ரொம்புகிற வரைக்கும்தான் தின்னும், அதில் அளக்க என்ன இருக்கிறது என்றாள். அந்த வயிறு எவ்வளவு என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றார் அவர். அவள் அதை நம்பவில்லை. "நீ அவங்க ஆளு சார்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் கிடாய்களுக்குப் பை கட்டும்போது உதைபடாமல் அவற்றைப் பிடித்துக்கொடுத்தவள் அவள்தான். பையோடு நடந்த கிடாயைப் பார்த்து, "ஜட்டி போட்டுகினு ஸ்கூலுக்குப் போவுது" என்றாள். வில்பிரட்டும் சிரித்தார். அந்தக் கரையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கூண்டுகளை எங்கே வைப்பது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் தீர்மானித்தார். புல்தரைக்கும் சீட்டு, கன்றுகளுக்கும் சீட்டு. ஜெயஸ்ரீயின் மகிழங்கன்றுக்குக் கூண்டு விழுந்தது. ஜோசலினின் பூவரசுக்கு விழவில்லை. கூட இருந்த ஜெயஸ்ரீக்கே மனசு கேட்கவில்லை. "ஆன்ட்டியோட செடிக்கும் ஒண்ணு வச்சிடுங்களேன் அங்கிள். யார் கேக்கப்போறாங்க?"

"அப்படி வச்சா அது வேலிம்மா. அளவு இல்ல."

ஆனால் தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் எடுத்துப்போய்ப் பூவரசுக்கு ஊற்றிவிட்டு வந்தார். மாசி வெயிலில் ஏரி வற்றி உள்வாங்க, கரையெல்லாம் பழுப்பேறிக்கொண்டு வந்தது. அந்தக் கன்று மட்டும் துளிர்விட்டுப் பச்சையாக நின்றது.

பறித்த இலைகளையும் அறுத்த புல்லையும் உலர்த்துவதற்குப் பண்ணையில் தனி அறை இருந்தது. இங்கே வீட்டில், ஜோசலின் கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடும் ஓவன்தான் இருந்தது. அவர் போனபிறகு அதை யாரும் திறக்கவில்லை. வில்பிரட் அதன் தட்டுகளைக் கழுவித் துடைத்து, காகிதம் விரித்து, இலைகளையும் புல்லையும் பரப்பி, மிகக் குறைந்த சூட்டில் வைத்தார். வீடு முழுக்க வைக்கோல் வாசனை நிறைந்தது. பிரார்த்தனைக்கு வந்த சபையார் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு நாகரிகமாக எதுவும் கேட்காமல் போனார்கள்.

முனியம்மாவின் மந்தையில் ஒரு செவலை ஆடு உண்டு. யாருக்கும் அடங்காது. அவள் அதற்கு ராங்கி என்று பெயர் வைத்திருந்தாள். அன்று வில்பிரட் அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். பின்தொடர்கிறவர் ஆட்டை விரட்டக்கூடாது, அழைக்கக்கூடாது, குறுக்கே போகக்கூடாது. போனால் அன்றைய அளவு முழுதும் வீண். ராங்கி கரையோரக் கொடிகளை மேய்ந்தது, வேலிக்காத்தான் நெற்றுகளைப் பொறுக்கியது, எருக்கை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. பிறகு தலையை நிமிர்த்தித் தூரத்தில் தெரிந்த பச்சையைப் பார்த்தது.

அது போகிற திசை புரிந்ததும் வில்பிரட்டின் நடை தளர்ந்தது. ஆனாலும் இடைவெளி விடாமல் கூடவே போனார். முனியம்மா எங்கோ பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஜோசலின் என்று எழுதிய பலகையை ஆடு தோளால் இடித்துச் சாய்த்தது. முதலில் வெளியே நீட்டிய பெரிய இலை. அடுத்தது அதன் கீழிருந்தது. அது தின்னும் விதத்தில் எந்த அவசரமும் இல்லை. இலையை நாக்கால் வளைத்து, கீழ்ப்பற்களில் வைத்து, தலையை வெட்டி இழுத்து, நிதானமாக மென்றது. ஒரு கை தட்டினால் போதும், ஓடிவிடும். வில்பிரட் தட்டவில்லை. பார்வையையும் திருப்பவில்லை. ஆடு நுனிக்கொழுந்தையும் கடித்து முடிக்கிற வரைக்கும் அதன் வாயையே பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்.

ராங்கி நகர்ந்துவிட்டது. இனி அவர் முறை. ஆடு எதைத் தின்றதோ அந்தச் செடியிலிருந்தே, அது கடித்த அளவுக்குக் கிள்ளவேண்டும். கன்றில் இரண்டு இலைகள் மிஞ்சியிருந்தன. வில்பிரட் குனிந்து ஒன்றைக் கிள்ளினார். பைக்குள் போட்டார். சாய்ந்த பலகையை நேராக்கி மண்ணை மிதித்துவிட்டு ஆட்டின் பின்னால் போனார். அன்று சாயங்காலம் அந்த இலையும் மற்றவற்றோடு ஓவனுக்குள் போயிற்று. மறுநாள் காலையில் கன்றில் மிச்சமிருந்த இலையும் இல்லை.

பங்குனியில் கூண்டுகளைத் தூக்கினார். புல்லின் கணக்கு ஒத்துவந்தது. வாய்க்கணக்கும் புழுக்கைக் கணக்கும் அதற்குப் பக்கத்திலேயே நின்றன. ஆடுகள் தின்றதில் பெரும்பகுதி வற்றிய ஏரியின் கோரையும் அறுகும், கரையோரக் கொடியும், உதிர்ந்த நெற்றும். மரக்கன்றுகளிலிருந்து அவை எடுத்தது கைப்பிடிகூடத் தேறாது. பிறகு கூண்டுக்குள் இருந்த கன்றுகளின் அருகே மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எந்த ஆடும் தொடாத கன்றுகள். கிள்ளினால் ஒடிந்தன. எல்லாமே வேர்வரைக்கும் காய்ந்திருந்தன.

மனுவைப் பற்றி முடிவெடுக்கச் சங்கம் கூடுவதற்கு முந்தின நாள் ஜெயஸ்ரீயை ஏரிக்கரைக்கு வரச்சொன்னார். எல்லோர் முன்னாலும் அதை அவர் கேட்கும்படி விடக்கூடாது என்று நினைத்தார். திரும்பக் கவிழ்த்து வைத்திருந்த கூண்டை நிமிர்த்தி, முகிலன் என்ற பலகைக்குப் பின்னால் குச்சியாக நின்ற மகிழங்கன்றைக் காட்டினார். இதற்குள் ஆடு வரமுடியாதே என்று ஜெயஸ்ரீ கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. குச்சியைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தார்.

"தினமும் இந்த வழியாத்தான் ஆபீஸ் போறேன் அங்கிள். ஒரு பாட்டில் தண்ணி ஊத்தியிருக்கலாம்." பிறகு தலையைத் தூக்கினார். "நீங்க ஆன்ட்டி செடிக்கு மட்டும் ஊத்துனீங்க. இதுக்கும் ஊத்தியிருக்கலாமே."

அளவு கெட்டுவிடும் என்று சொல்ல வில்பிரட்டுக்கு நியாயம் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"ஊத்தியிருக்கலாம்மா" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். என்ன அளந்தார், எப்படி அளந்தார், என்ன வந்தது என்று சொன்னார். கன்றுகளை ஆடு தின்றது உண்மை என்றும் சொன்னார். "ஆட்டுக்கு அது ஒரு வாய். செடிக்கு அதுதான் எல்லாமே." அதைக் கேட்டுச் சிலர் தலையாட்டினார்கள். கூண்டுக்குள் காய்ந்தவற்றைப் பற்றி அவர் தொடங்குவதற்குள் ஜெயஸ்ரீ எழுந்துவிட்டார். தன் தம்பியின் செடி கூண்டுக்குள் பத்திரமாக இருந்தது, அதை எந்த ஆடும் தொடவில்லை, தண்ணீர் ஊற்றாமல் தானே சாகவிட்டதாகச் சொன்னார். வில்பிரட் சார் தண்ணீர் ஊற்றி வளர்த்த அவர் மனைவியின் செடியை ஆடு தின்றது, அவர் அளவு கெடக்கூடாதென்று விரட்டாமல் நின்றார் என்றும் சொன்னார். அதை முந்தின நாள் வில்பிரட் காட்டிய கணக்குத் தாள்களில் ஜெயஸ்ரீ பார்த்திருந்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முனியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மனு போகவில்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் நடுவது, தண்ணீர் ஊற்ற வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து வருவது, கன்றுகள் ஆள் உயரம் வரும்வரை முனியம்மா தன் ஆடுகளை எதிர்க்கரையில் மட்டும் மேய்ப்பது என்று பேசி முடித்தார்கள். ஆடே கூடாது என்று கடைசிவரை சொன்னவர்களும் இருந்தார்கள். செடிகளுக்காக உடைந்துபோய்ப் பேசிய அந்தப் பெரியவர் வில்பிரட்டிடம் இன்றுவரை பேசுவதில்லை.

எதிர்க்கரைக்குப் போகவேண்டும் என்றால் மந்தை வில்பிரட் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல்நாள் காலை முனியம்மா அவர் வீட்டு வாசலில் ஆடுகளை நிறுத்தினாள். வில்பிரட் வெளியே வந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அது உங்க வூட்டம்மா செடியாமே. எனுக்கு எழுத்து தெரியாது சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடியாந்து வெரட்டி வுட்டுருப்பேன்ல."

"தெரியும் முனியம்மா. அதனாலதான் சொல்லல."

அதற்குள் ராங்கி மந்தையிலிருந்து பிரிந்து வந்து, முன்கால்களைத் தூக்கிச் சுற்றுச்சுவரில் வைத்து, உள்ளிருந்து எட்டிப்பார்த்த செம்பருத்திக் கிளைக்குக் கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. முனியம்மா பதறிப்போய்க் கோலை ஓங்கினாள். வில்பிரட் வேண்டாம் என்று தலையை அசைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் அந்தக் கிளையைப் பிடித்து, ஆட்டின் வாய்க்கு எட்டும்படி மெல்ல வளைத்தார்.